அறிவித்தலில் விடுபட்ட வினைச்சொற்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

கடந்த ஒக்டோபர் மாதம் உங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தில், இடப்புறம் மூன்றாவது கட்டத்தில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஒரு பெரியவரின் படம் வந்திருந்தது. அவர் என் கணவர். அந்தக் கோட் அவருடையதல்ல. 2003இல் மகளின் கலியாணத்துக்காக மைத்துனரிடம் இரவல் வாங்கியது. படத்தின் கீழே "ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர்" என்று இருந்ததே, அதுவும் இரவல்தான்.

அவர் ஒருநாள்கூட நிலைய அதிபராக இருந்ததில்லை. 1966 முதல் 2005 வரை புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தார். அதில் பெரும்பகுதி டிக்கெட் கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் கழிந்தது. தடித்த மட்டை டிக்கெட்டை எடுத்து, திகதி குத்தும் இயந்திரத்தின் வாயில் கொடுத்து இழுத்தால் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஓய்வுபெற்ற பிறகும் பத்திரிகை வாசிக்கும்போது அவருடைய வலக்கை மேசையில் அந்தத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு திருத்தம் வெளியிடவேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

பிழை உங்கள் அலுவலகத்தினுடையதல்ல. நாங்கள் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் அச்சிட்டிருக்கிறீர்கள். அவர் கண்மூடிய அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு மேல், மகள் ரொறன்ரோவில், மகன் லண்டனில், நான் வெள்ளவத்தையில் என்று மூவரும் கைபேசியில் சேர்ந்து எழுதிய அறிவித்தல் அது. மாதிரிக்கு உறவினர் ஒருவருடைய பழைய அறிவித்தலை மகள் முன்னால் வைத்துக்கொண்டாள். பெயர்களை மட்டும் மாற்றினோம். "நிலைய அதிபர்" விடிந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எடுப்பாக இருக்கும் என்று சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியும். அவரும் உங்கள் வாசகர் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இதை இவர் பார்த்திருந்தால் மறுநாள் தபாலிலேயே உங்களுக்குக் கடிதம் வந்திருக்கும். உங்கள் அலுவலகத்துப் பழையவர்களுக்கு நினைவிருக்கலாம்: நீல மை, கோடிட்ட தாள், வலப்பக்கம் சற்றே மேலேறும் எழுத்து. பஸ்களிலும் நிலையங்களிலும் அரச காரியாலயங்களிலும் உள்ள தமிழ்ப் பலகைகளின் பிழைகளைக் குறித்துக்கொண்டு வந்து எழுதுவார். ஒரு நிலையத்தில் "மகளிர் காத்திருக்கும் அரை" என்று எழுதியிருந்தார்கள். அந்த அரை அறையாவதற்கு நான்கு கடிதமும் பதினொரு மாதமும் பிடித்தன. "மற்றப் பாதி எங்கே என்று மகளிர் கேட்கமாட்டார்களா?" என்று அவர் எழுதிய வரியை நீங்கள் வெட்டிவிட்டீர்கள். அதில் அவருக்கு மிகுந்த மனத்தாங்கல். கடிதம் வெளியாகும் நாளில் தம்முடைய பிரதியையும் உங்கள் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெட்டுப்பட்ட சொற்களை எண்ணி ஓரத்தில் எழுதுவார்: "42 சொல் போயிற்று." இந்தக் கடிதத்தில் எத்தனை போகும் என்று நான் எண்ணப்போவதில்லை.

ஆனால் வேறொன்றை எண்ணினேன். நான் முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் படிப்பித்தவள். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, அந்த அறிவித்தலை வெட்டி எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு வாசித்தேன். பழக்கதோஷம், சிவப்புப் பேனாவும் கையில் வந்துவிட்டது. வினைமுற்றுக்களின் கீழே கோடிட்டேன். எண்பத்தேழு சொற்களில் நான்கு கோடுதான் விழுந்தது. காலமானார். ஆவார். நடைபெறும். கேட்டுக்கொள்கிறோம். கிரியை நடைபெறுவது ஐயர் கையில். கேட்டுக்கொள்வது நாங்கள். "ஆவார்" ஒட்டுவதற்கு வைத்த பசை. மிச்சம் ஒன்று. எண்பது ஆண்டு இருந்த மனிதர் செய்ததாக அந்தக் கட்டத்துக்குள் இருந்த ஒரே காரியம், காலமானது.

மற்றதெல்லாம் பெயர். இன்னார் தம்பதிகளின் சிரேஷ்ட புத்திரரும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் ஆசைப் பேரனும். (பேரன் என்றால் நமக்குத் தாத்தா, தமிழகத்தில் பேரப்பிள்ளை. மருமகளின் சிநேகிதி ஒருத்தி, சென்னைப் பிள்ளை, செத்தவீட்டுக்கு வந்து இதை வாசித்துவிட்டு, "எண்பது வயதில் இவர் யாருக்குப் பேரன்?" என்று கேட்டாள். அந்த மூன்று நாளில் நாங்கள் சிரித்தது அப்போது மட்டுந்தான்.)

அன்புக் கணவர் என்று நாங்கள் எழுதியது பொய்யல்ல. பக்கத்துக் கட்டத்திலும் அன்புக் கணவர், அதற்கடுத்ததிலும் அன்புக் கணவர். அந்த அன்பை இவர் எப்படிச் செய்தார் என்று யாராவது கேட்டால் நான் தேநீரிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

1974இல் கலியாணமாகிப் பத்தாம் நாள் அது ஆரம்பித்தது. எனக்கு விடிய முதல் பஸ்ஸில் பாடசாலைக்குப் போகவேண்டும். அவருக்கு எட்டு மணிக்குத்தான் கடமை. "நீர் படுத்திரும், நான் வைக்கிறேன்" என்றார். நாலரை மணிக்கு எழும்புவார். சாயத்தை வடித்து, பால்மாவைத் தனியே கொஞ்சம் சுடுநீரில் கட்டியில்லாமல் குழைத்துச் சேர்ப்பார். இரண்டு கோப்பைக்கும் இடையில் மூன்று முறை ஆற்றுவார். நான்காவது முறை ஆற்றினால் ஆறிப்போய்விடும் என்பார். கோப்பையின் பிடி என் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கட்டிலோரத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, விளக்கைப் போடாமல் போய்விடுவார். நான் ஓய்வுபெற்று, எந்தப் பஸ்ஸையும் பிடிக்கவேண்டியதில்லை என்று ஆன பிறகும் நாலரை நாலரையாகவே இருந்தது. ஆறு மணிக்கு வைத்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். "பழகின நேரம் மாறினால் சாயத்தின் ருசி மாறிவிடும்" என்றார். அதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அந்த "நீர்" பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்து ஆண்கள் மனைவியை அப்படித்தான் அழைப்பார்கள். "நீ"யில் இருக்கும் அதட்டலும் அதில் கிடையாது, "நீங்கள்" என்பதில் இருக்கும் தூரமும் கிடையாது. 51 ஆண்டும் நான் அவருக்கு "நீர்". கோபம் வந்தால் மட்டும் "நீங்கள்" ஆகிவிடுவேன். "நீங்கள் சொல்வது சரிதான் ரீச்சர்" என்று ஒரு வசனம் விழுந்தால், அன்று இரவுச் சாப்பாடு வரை வீட்டில் பேச்சில்லை என்று பொருள்.

2009இல் எனக்குச் சலரோகம் என்று வைத்தியர் சொன்னார். அன்றே, இனி வீட்டில் இரண்டு பேருக்கும் சீனி இல்லை என்று இவர் அறிவித்துவிட்டார். நான் அதை உறவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். மூன்று மாதம் கழித்து, சமையலறை அலமாரியில் பழைய பத்திரிகைக் கட்டுக்குப் பின்னால் எறும்பு வரிசையாகப் போவதைக் கண்டேன். உங்கள் பத்திரிகைக் கட்டுத்தான் ஐயா. அதற்குப் பின்னால் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல், அதற்குள் சீனி. கையும் களவுமாக அகப்பட்டவர் சொன்ன சமாதானம்: "நான் விட்டேன் என்றால்தானே நீரும் விடுவீர்."

இவர் கணக்கு எழுதுகிறவர். ஆண்டுக்கொரு மட்டைக் கொப்பி. 1974 தொடக்கம் எழுதினார். அலமாரியில் இருப்பவை 1983 முதல்தான். முந்திய ஒன்பதும் 83 யூலைக் கலவரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டோடு எரிந்துபோயின. 83ஆம் ஆண்டுக் கொப்பி அந்தத் திங்கட்கிழமை காலை அவருடைய காரியாலயப் பைக்குள் இருந்தது, தப்பிவிட்டது. யூலை 24ஆம் திகதியின் கீழே பாண், முருங்கைக்காய், பிள்ளைக்குப் பென்சில். அதன்பிறகு பக்கங்களில் திகதி மட்டும். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாக இருந்த நாட்கள் அவை. வாங்கவும் எதுவுமில்லை, கொடுக்கவும் எதுவுமில்லை. பின்னால் ஒருநாள் உட்கார்ந்து அந்த வெறும் பக்கங்களுக்கும் வரிசையாகத் திகதி போட்டிருக்கிறார். ஓகஸ்ட்டில் மறுபடி எழுத்துத் தொடங்குகிறது: "பிளாஸ்டிக் வாளி 1. சவர்க்காரம் 2. சீப்பு 1."

சீப்பு எனக்கு. மாற்றிக் கட்ட இரண்டாவது சேலை இல்லாத நேரத்தில் சீப்பு எதற்கு என்று கேட்டேன். "நீர் தலை இழுக்காமல் இருக்கிறதைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்" என்றார். மகளுக்கு அப்போது ஏழு வயது, மகனுக்கு நான்கு. வகுப்பறைத் தரையில் பத்துக் குடும்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து தலை இழுத்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று ஆண்டு நானும் பிள்ளைகளும் கொக்குவிலில், அவர் கொழும்பில். மாதம் தவறாமல் காசுக்கட்டளை வரும். அதைப் பற்றி எழுத அதிகமில்லை. நம்மில் பாதிப் பேரின் குடும்பம் அப்படித்தான் இருந்தது.

"பாசமிகு தந்தை" என்ற சொல்லுக்கு வருகிறேன். 1990களில் கொழும்பில் ஆண்பிள்ளையை வளர்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு நான் எதையும் விளக்கவேண்டியதில்லை. 1997இல் ஒருநாள் இரவு, சுற்றிவளைப்பில், பதினெட்டு வயது மகனைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடையாள அட்டைப் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பாடசாலை அதிபரின் கடிதம், பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருந்தார் இவர். அதையும் ஒரு சுடுநீர்ப் போத்தல் தேநீரையும் எடுத்துக்கொண்டு போய் நிலைய வாசலில் நின்றார். இரவு பதினொரு மணியிலிருந்து மறுநாள் காலை ஒன்பதே கால் வரை. வாங்கில் உட்காரச் சொன்னார்களாம், உட்காரவில்லை. முப்பது ஆண்டு வரிசையை யன்னலின் உட்பக்கத்திலிருந்து பார்த்தவர் அல்லவா! உட்கார்ந்திருப்பவனை மறந்துவிடுவார்கள், நிற்பவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருப்பான் என்பது அவருடைய அனுபவம். மகன் வெளியே வந்ததும் "தேத்தண்ணீர் ஆறிவிட்டது, பரவாயில்லை குடி" என்றாராம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பத்தரைக்குக் கடமைக்குப் போய்விட்டார். கொப்பியில் அன்றைய பக்கத்தைப் பார்த்தேன். "ஓட்டோ" என்று ஒரு வரி, தொகை, அவ்வளவுதான்.

நிற்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 2022இல் எரிவாயு வரிசையில், 77 வயதில், வெறும் சிலிண்டரோடு இரண்டு பகல் நின்றார். முன்னால் விடுகிறோம் என்று இளம் பிள்ளைகள் சொன்னார்களாம். தமக்குரிய இலக்கத்தில்தான் நிற்பேன் என்று நின்று, தம் முறை வரும்போது லொறியில் சிலிண்டர் தீர்ந்து, வெறுங்கையோடு திரும்பி வந்தார். அன்று நான்தான் "நீங்கள் செய்தது சரிதான்" என்று சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. 1988இல் குடும்பமாகக் கண்டிக்குப் போனோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது பூர்த்தியாகும் நாள். நான் வழக்கம்போல் அரை டிக்கெட் கேட்டேன். இவர் பின்னாலிருந்து, "இன்றோடு பன்னிரண்டு முடிகிறது, முழு டிக்கெட்" என்றார். பிறந்தநாளும் அதுவுமாக மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா, நான் பின்னேரம்தானே பிறந்தேன்! இப்போது காலைதானே!" என்றாள். இவர் வரிசையை விட்டு விலகி நின்று உண்மையாகவே யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: போகும்போது அரை, வரும்போது முழு.

அவரோடு எனக்கு முடியாத வழக்கொன்றும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதுவும் இன்னோர் அறிவித்தலாகிவிடும். 2005இல் அவர் ஓய்வுபெற்றதும் மகள் எங்களை ரொறன்ரோவுக்கு வரும்படி கேட்டாள். எனக்குப் போக ஆசை. பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கவேண்டும் என்று எந்த அம்மம்மாவுக்குத்தான் ஆசையிராது? இவர் மாட்டேன் என்றார். "அங்கே எந்த யன்னலுக்கு நான் பின்னால் இருப்பது, எந்த யன்னலுக்கு முன்னால் நிற்பது?" என்று கேட்டார். ஒரு மாதம் நான் "நீங்கள்" ஆக இருந்தேன். இருபது ஆண்டாகியும் அது எனக்கு ஆறவில்லை. அவர் அதை அறிவார்.

பரிகாரமாக வந்தவைதான் மணிக்கூடுகள். எங்கள் தொடர்மாடி வீட்டு மண்டபச் சுவரில் மூன்று மணிக்கூடு: கொழும்பு, லண்டன், ரொறன்ரோ. வருகிறவர்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்துவிட்டோமோ என்று கேலி செய்வார்கள். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், ரொறன்ரோ ஒன்பதரை. குளிர்காலத்தில் ஐந்தரை, பத்தரை. இதில் ஒரு சிக்கல். லண்டன்காரர் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புவது ஒக்டோபர் கடைசி ஞாயிறு; கனடாக்காரர் நவம்பர் முதல் ஞாயிறு. மார்ச்சில் முன்னுக்குத் திருப்பும்போது கனடா முந்திவிடும், லண்டன் மாதக் கடைசி வரை காத்திருக்கும். இவர் நாட்காட்டியில் நான்கு ஞாயிறுகளுக்கும் சிவப்பு வட்டம் போட்டு, ஸ்டூலில் ஏறி, தாமே திருப்புவார். ரயில் நேரசூசியோடு வாழ்ந்தவருக்கு அது ஒரு திருவிழா.

ரொறன்ரோ மணிக்கூடு காலை ஆறைக் காட்டும்போது பேரன் எழும்புவான். (இந்தப் பேரன் பேரப்பிள்ளை. ஒன்பது வயது.) பாடசாலைக்குப் போகுமுன் பதினைந்து நிமிடம் அம்மப்பாவிடம் தமிழ். பாடநூல் எதுவுமில்லை, நிலையங்களின் பெயர்தான் பாடம். அதற்கும் ஒரு கதை உண்டு. 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. கூட்டம் குறைந்ததும் நாங்களும் போனோம். வவுனியா தாண்டியதிலிருந்து இவர் யன்னலை விட்டுத் தலையை எடுக்கவில்லை. ஊரைப் பார்த்து மனம் கலங்குகிறார் என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். கையில் பார்த்தால் பென்சிலும் துண்டுக் காகிதமும். புதிய பலகைகளில் தமிழ் சரியாக எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்! கொடிகாமம் வந்தபோதுதான் பென்சில் நின்றது. அவருடைய அம்மாவின் ஊர். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, யாழ்ப்பாணம் மட்டும் என் கையைப் பிடித்தபடி இருந்தார். மிச்சப் பெயர்களைத் திரும்பும் பயணத்தில்தான் எழுதினார்.

அந்தத் துண்டுதான் பேரனுக்குப் பாலபாடம். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை. பளைக்கு அடுத்தது எழுதுமட்டுவாள். ழகரமும் ளகரமும் ஒரே சொல்லில். தமிழாசிரியை என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளையின் நாக்கைப் பழக்க அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைத்ததில்லை. முதல் மாதம் அவன் வாயில் அது "எலுதுமட்டுவால்". இவர் கைபேசிக்கு முன்னால் வாயை அகலத் திறந்து நாக்கை மேலே மடித்துக் காட்டுவார், பொய்ப்பல் கழன்றுவிடும், பேரன் சிரிப்பான், மறுபடி எழுதுமட்டுவாள். ஆறு மாதத்தில் சொல் வந்துவிட்டது. அன்று கைபேசியை வைத்துவிட்டு எனக்கு இரண்டாவது முறை தேநீர் வைத்துத் தந்தார், பின்னேரம் நாலு மணிக்கு.

பிள்ளைகள் வந்து சேரும்வரை மூன்று நாள் மலர்சாலையில் வைத்திருந்தோம். கிரியையில் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கும் நேரம் வந்தது. சிறியவன் என் பக்கத்தில் நின்றான். வேட்டி இடுப்பில் நிற்காமல் அவனுடைய கனடாப் பெல்ட்டால் இறுக்கியிருந்தார்கள். ஓதுவார் திருப்பொற்சுண்ணம் பாடிக்கொண்டிருந்தார். பிள்ளையின் உதடு அசைந்தது. இந்த வயதில் திருவாசகம் தெரிகிறதே என்று குனிந்து காதைக் கொடுத்தேன். "மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி" என்று போய்க்கொண்டிருந்தது. நாவற்குழி வந்ததும் நிறுத்தி, "அம்மம்மா, அடுத்தது என்ன?" என்று கேட்டான். எனக்குச் சொல்ல வரவில்லை.

கனத்தை மயானத்தில் தகனம் முடிந்து, அஸ்தியை மகன் யாழ்தேவியில் கொண்டுபோய்க் கீரிமலையில் கரைத்தான். வழியெல்லாம் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே போனான். "எழுதுமட்டுவால்" என்று வந்தது. லண்டனில் இருபத்துநான்கு ஆண்டு. திருத்தி அனுப்பினேன். இனி வேறு யார் திருத்துவது?

அந்தியேட்டியோடு எல்லோரும் போய்விட்டார்கள். இரண்டு கிழமை கழித்து, ஒரு பின்னேரம், ரொறன்ரோ மணிக்கூட்டில் ஆறு மணி ஆனதைப் பார்த்துவிட்டு மகளுக்கு அழைப்பெடுத்தேன். மறுமுனையில் மகள் பதறிக்கொண்டு, "அம்மா, என்ன நடந்தது?" என்றாள். அங்கே ஐந்து மணி, இருட்டு. ஒக்டோபர் கடைசி ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதை நான் கவனிக்கவில்லை. ஸ்டூலில் ஏற என் முழங்கால் இடம் கொடுக்காது. மேல்மாடிச் சிங்களப் பையனைக் கூப்பிட்டேன். ஏறி ரொறன்ரோவைத் திருப்பினான். இறங்குவான் என்று பார்த்தால், "லண்டனையும் திருப்பவேண்டுமே ஆன்ரி, அங்கிள் அதை முதல் கிழமையே திருப்புவாரே" என்றான். அவனுக்கு நாட்காட்டியைக் காட்டிக் கொடுத்திருக்கிறார் போலும். எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது என் கோரிக்கை. அறிவித்தல்களின் கட்டம் சிறியது, சொல்லுக்குச் சொல் காசு, பெயர்களை விட்டால் உறவுக்குள் சண்டை வரும். இவை எனக்கும் தெரியும். உங்கள் விளம்பரப் பிரிவில் பிள்ளைகள் கொண்டுவந்து நீட்டும் தாளில், "உம்" போட்டு அடுக்கும் பெயர்ச்சொல் வரிசைக்குத்தான் இடம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதற்கும் தமிழில் வழியிருக்கிறது. வினையாலணையும் பெயர் என்று ஒன்பதாம் வகுப்பில் நான் தலைகீழாக நின்று படிப்பித்தது இதைத்தான். வந்தவர், நின்றவர், கொடுத்தவர். பார்த்தால் பெயர்; வேற்றுமையும் ஏற்கும், "உம்"மும் ஏற்கும்; உள்ளே வினை இருக்கும், காலமும் இருக்கும். "அன்புக் கணவரும்" இருக்கிற இடத்தில் அதுவும் பொருந்தும். அறிவித்தல் கொண்டுவருபவரிடம் உங்கள் பிரிவினர், "உங்கள் அப்பா என்ன செய்வார்?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். உத்தியோகத்தைக் கேட்கவேண்டாம், அதற்கு நிலைய அதிபர் என்று பதில் வரும்.

திருத்தத்தை இப்படி வெளியிட்டால் போதும்:

ஒக்டோபர் மாத மரண அறிவித்தலில் "ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபரும்" என்று வந்ததை "ஓய்வுபெற்ற புகையிரத டிக்கெட் எழுதுவினைஞரும்" என்றும், "அன்புக் கணவரும்" என்று வந்ததை "மனைவிக்கு, சேர்ந்திருந்த நாளெல்லாம் விடிய நாலரைக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்தவரும்" என்றும், "பாசமிகு தந்தையும்" என்று வந்ததை "மகனுக்காக ஓர் இரவு முழுவதும் வாசலில் நின்றவரும்" என்றும், "ஆசைப் பேரனும்" என்று வந்ததை "எழுதுமட்டுவாள் என்று சொல்லப் பழக்கியவரும்" என்றும் மாற்றி வாசிக்கவும்.

கட்டணம் எவ்வளவு என்று அறியத்தாருங்கள். இந்த ஆண்டுக் கொப்பியில் இன்னும் பக்கம் இருக்கிறது, எழுதிவிட்டு அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
அன்னாரின் மனைவி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.